கொட்டினால் மனசு லேசாகுமா?

3 நவம்பர் 2024 (வாசகி ஒருவர் கேட்டது)

தினமும் ராத்திரி தோழியோடு ஒரு மணி நேரம் போனில் பேசுகிறேன். மாமியார், வேலை, பிள்ளை படிப்பு என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். கொட்டினால் மனசு லேசாகும் என்கிறார்கள். எனக்கு மட்டும் போனை வைத்ததும் நெஞ்சு படபடக்கிறது, ஒரு மணி வரை தூக்கம் பிடிப்பதில்லை. நிறுத்திவிடலாம் என்று முடிவெடுத்தால் மூன்றாம் நாள் நானே கூப்பிட்டுவிடுகிறேன். எனக்கு மன உறுதி இல்லையா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

4 நவம்பர் 2024

மன உறுதியை விடுங்கள், அது ராத்திரி ஒன்பது மணிக்கு யாரிடமும் இருக்காது. காலையில் நிறைய இருக்கும், பகலெல்லாம் செலவாகி சாயங்காலம் தீர்ந்துவிடும் என்று எங்கோ படித்தேன், என் அனுபவமும் அதுதான்.

உங்களுக்குத் தோழி, எனக்கு அக்கா. பண்ருட்டியில் இருக்கிறாள். நான் கடலூர், ஆல்பேட்டை பக்கம். புதுச்சேரியில் ஒரு மொத்த மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன், தினமும் பேருந்தில் போய் வருகிறேன். ராத்திரி சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பின்கட்டுப் படியில் உட்கார்ந்தால் ஒன்பது பத்து. அவள் கூப்பிடுவாள் அல்லது நான் கூப்பிடுவேன். காது சுடும் வரை பேச்சு. பேச்சு என்ன பேச்சு, தம்பிதான்.

சுருக்கமாகச் சொல்கிறேன், சுருக்கமாகச் சொல்லிப் பழக்கமில்லை. காடாம்புலியூர் பக்கம் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததில் ஒரு மரம் நிற்கவில்லை, எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. அடுத்த வருடம் தம்பி எங்கள் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டான். "பங்கை அப்புறம் பார்த்துக்கலாம்க்கா" என்றான். இன்றுவரை பார்க்கவில்லை.

இதைத்தான் நாங்கள் பன்னிரண்டு வருடமாகப் பேசுகிறோம். அதே வாக்கியங்கள், அதே வரிசையில். "அன்னைக்கே சொன்னேன், வெத்துத்தாள்ல கையெழுத்துப் போடாதன்னு" என்று அவள் ஆரம்பித்தால், அடுத்து அவன் மச்சினன் வருவான், அதற்கடுத்து அந்தப் புது வீட்டு டைல்ஸ் வரும். அவள் இருமினால் அந்த இடத்தை நானே நிரப்பிவிடுவேன். வைத்த பிறகு தூக்கமே வராது.

4 நவம்பர், இரவு

தூக்கமே வராது என்று எழுதியது மிகை. வரும், பதினொன்றரைக்கு வந்து மூன்று மணிக்குக் கலையும். மூன்று மணிக்குத் தம்பியோடு மனசுக்குள் நான் பேசும் பேச்சு இருக்கிறதே, வக்கீல் தோற்றார்.

9 நவம்பர் 2024

"மனசில் இருப்பதைச் சொல்லாமல் அடக்கினால் அதுவும் கெடுதல்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அடக்கினால் பீறிடும் என்பது பொய்யில்லை. 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒரு வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று சொல்லி மாணவர்களை உட்காரவைத்துப் பார்த்தார், அவர்களால் முடியவில்லை. நம் ஊரில் குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்று காலங்காலமாகச் சொல்வது இதைத்தான்.

ஆனால் அடக்குவதும் கொட்டுவதும் மட்டும்தான் வழியா? 2002இல் அமண்டா ரோஸ் என்ற உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒன்றைக் கவனித்தார். நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பக் கிளறுவது, தீர்வை நோக்கி நகராமல் அதன் கசப்பிலேயே நிற்பது. அப்படிப் பேசுகிறவர்களிடம் நட்பு நெருக்கமாக இருந்தது, கூடவே சோர்வும் பதற்றமும் அதிகமாக இருந்தன. இரண்டும் சேர்ந்தே வருவதுதான் இதில் உள்ள சிக்கல். நெருக்கம் கிடைக்கிறது, அதனால் விட முடிவதில்லை. விலையை மூன்று மணிக்குத் தனியாகக் கட்டுகிறோம்.

கூட்டாக அசைபோடுவது என்று வைத்துக்கொள்ளலாம். மாடு அசைபோட்டால் பாலாவது வரும்.

17 நவம்பர் 2024

இந்த இழையில் பெரிய மனுஷிபோல எழுதிவிட்டோமே என்று 10ஆம் தேதி முதல் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. வேலை, தலைவலி, சார்ஜ் இல்லை என்று மூன்று நாள். நாலாம் நாள் தம்பி மகளுக்கு ஸ்கூட்டி வாங்கியதாகக் காதில் விழுந்தது, அவ்வளவுதான். நானே கூப்பிட்டேன், ஒன்றே கால் மணி நேரம். மூன்று நாள் பாக்கியையும் வட்டியோடு அடைத்தோம்.

இருபத்தோரு நாள் தாக்குப்பிடித்தால் பழக்கம் போய்விடும் என்று எழுதிய நண்பருக்கு: அந்தக் கணக்கு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அறுவைசிகிச்சைக்குப் பிறகு நோயாளிக்குப் புது முகம் பழக எத்தனை நாள் ஆகிறது என்று அவர் கவனித்துச் சொன்னது, அதுவும் "குறைந்தது" 21 நாள் என்று. குறைந்தது என்ற சொல் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. லண்டனில் 96 பேரை வைத்து முறையாகப் பார்த்தபோது நடு அளவு 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. 254 என்றால் எனக்கு ஆடி மாதம் ஆகிவிடும்.

18 நவம்பர் 2024

திருத்தம், இரண்டு.

ஒன்று. அந்த 66 நாள், புதுப் பழக்கம் ஒன்று ஒட்டிக்கொள்வதற்கு. மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், தண்ணீர், கொஞ்சம் ஓட்டம் என்ற மாதிரி விஷயங்கள். ஏற்கெனவே ஒட்டியதைப் பிய்த்து எடுப்பதற்கு அல்ல. ஒருவர் சுட்டிக்காட்டினார், சரிதான். அதே ஆய்வில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போவதில்லை என்றும் இருக்கிறது. என் ஒன்றே கால் மணி நேரத்துக்கு அதைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்.

இரண்டு. மன உறுதி சாயங்காலம் தீர்ந்துபோகும் என்று முதலில் எழுதியிருந்தேன். அந்தக் கருத்து பல வருடம் செல்லுபடியாகி இருந்தது. 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 2000 பேருக்கு மேல் வைத்து மறுபடி சோதித்தபோது கிட்டத்தட்ட ஒன்றும் தேறவில்லை. ஆகவே ஒன்பது மணிக்கு நான் கூப்பிடுவதற்குக் காரணம் தொட்டி காலியானது அல்ல. வேறு ஏதோ.

6 டிசம்பர் 2024

மின்சாரம் நேற்றுதான் வந்தது. 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததும், சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து 2ஆம் தேதி எங்கள் தெருமுனை வரை நின்றதும் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குள் வரவில்லை. இரண்டு படி பாக்கி.

போனில் பதினொரு சதவீதம் சார்ஜ். "நல்லா இருக்கோம்" என்று அக்காவுக்கு ஒரு வரி அனுப்பி அணைத்து வைத்தேன். மூன்று ராத்திரி பேச்சில்லை. மெழுகுவத்தி, கொசு, தண்ணீர் ஏறுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது. தம்பி நினைப்பு ஒரு தடவைகூட வரவில்லை என்பதை நாலாம் நாள்தான் கவனித்தேன். பயம் இருக்கும்போது வன்மத்துக்கு நேரமில்லை போல.

அன்றைக்குப் பேசினோம். அவள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாரைப் பாம்பு வந்தது, நான் பால் பவுடரில் காபி போட்டது, பக்கத்து வீட்டுத் தாத்தாவை டிராக்டரில் கொண்டுபோனது என்று இருபது நிமிடம். நன்றாக இருந்தது. இரண்டு பேரும் சிரித்தோம்கூட. பிறகு பேச்சு வற்றியது. ஒரு நொடி அமைதி. "அப்புறம்?" என்றோம். உடனே தம்பி வந்துவிட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பழக்கத்தின் கொக்கி தம்பி இல்லை, ஒன்பது மணி இல்லை. அந்த "அப்புறம்?"தான். போனை வைக்க மனசில்லாமல், பேசவும் ஒன்றுமில்லாமல் இருக்கும் அந்த ஒரு நொடிக்கு நாங்கள் கண்டுபிடித்த தீனி, தோப்பு.

8 டிசம்பர் 2024

யார் முதலில் "அப்புறம்" சொல்வது என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டிருந்தார். அக்காதான் என்று எழுத வந்தேன். இரண்டு நாள் எண்ணிப் பார்த்தேன். பதினொன்றில் ஒன்பது நான்.

இதை இங்கே எழுதாமலே விட்டிருக்கலாம்.

20 டிசம்பர் 2024

நேரத்தை மாற்றிவிட்டேன். இப்போது அவளைக் கூப்பிடுவது சாயங்காலம், திரும்பி வரும் பேருந்தில். முருங்கப்பாக்கம் தாண்டியதும் இடம் கிடைத்துவிடும், அரியாங்குப்பத்தில் கூப்பிடுவேன். பேருந்தில் குடும்ப விஷயத்தை வாய்விட்டுப் பேச முடியாது, பின்சீட்டில் தம்பி பெண்டாட்டியின் சித்தி உட்கார்ந்திருப்பாளோ என்று பயம். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், அடுத்தது முள்ளோடை. (முள்ளோடையில் எதற்காக அவ்வளவு ஆண்கள் இறங்குகிறார்கள், கையில் பையோடு எதிர்ப்பக்கம் ஏறுகிறார்கள் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், மாநில எல்லை, விலை வித்தியாசம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். அவர்களும் விட முடியாத பழக்கம் என்று ஓர் இழை தொடங்கலாம்.) பெரியகங்கணாங்குப்பம், ஆற்றுப்பாலம், ஆல்பேட்டை. இறங்கியாக வேண்டும். "வச்சுடறேன்க்கா, ஸ்டாப் வந்துடுச்சு." வற்றுவதற்கு முன்னாலேயே பேச்சு முடிந்துவிடுகிறது.

பத்து நாளாக மூன்று மணி விழிப்பு நாலு தடவைதான். மன உறுதி எதுவும் கூடவில்லை. இடம் மாறியது, அவ்வளவுதான். பின்கட்டுப் படியில் இப்போது ஈரத்துணி காயப்போடுகிறேன், உட்கார இடமில்லாமல்.

2 ஜனவரி 2025

பெரிய தப்பு செய்துவிட்டேன்.

நன்றாகப் போகிறதே என்ற தைரியத்தில், போன வாரம் அக்காவிடம் இந்த ஆராய்ச்சி, அசைபோடுதல் எல்லாம் விளக்கி, "இனிமே தம்பி பேச்சு வேணாம்க்கா, நம்ம உடம்புதான் கெடுது" என்றேன். நாலு பேரிடம் கைதட்டு வாங்கியதை அவளிடமும் எதிர்பார்த்தேன் போல. அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டாள்: "அப்ப இத்தன வருசமா நான் உன் உடம்பக் கெடுத்துட்டிருந்தனா?"

இல்லக்கா, அப்படி இல்லக்கா என்று இழுத்தேன். அடுத்த கேள்வி இன்னும் மோசம். "சரி, வேற என்ன பேசலாம், நீயே சொல்லு."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கூடப்பிறந்தவளிடம் கேட்க ஒரு கேள்வி வரவில்லை. அவளுக்கு முட்டிவலி இருப்பது தெரியும், எந்த முட்டி என்று தெரியாது. இரண்டு பேரும் தோப்பைப் பற்றி மட்டும் பேசிப் பேசி ஒருத்தியை ஒருத்தி விசாரிக்க மறந்திருக்கிறோம். அன்றிலிருந்து அவள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் மருமகள் எடுத்து, "அத்தை படுத்துட்டாங்க சின்னத்தை" என்கிறாள், சாயங்காலம் ஆறரைக்கு.

நிறுத்துவதைப் பற்றி இங்கே வரிசையாகப் பாடம் எடுத்தேன். நிறுத்திய இடத்தில் எதை வைப்பது என்று யோசிக்கவே இல்லை.

5 ஜனவரி 2025

தனிச்செய்தியில் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் புலம்புவது கணவர் அடிப்பதைப் பற்றி, நான் எழுதியதைப் படித்து அம்மாவிடம் சொல்வதை நிறுத்திவிட்டாராம். தயவுசெய்து வேண்டாம். நான் சொன்னது பழைய காயத்தைக் கிளறும் பழக்கத்தைப் பற்றி. இன்றைக்கு நடக்கிற அடியைச் சொல்வது புலம்பல் இல்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பெண்கள் உதவி எண் 181. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, சாகலாம் போலத் தோன்றுகிறது என்றாலும் பேருந்து மாற்றிப் பேசுவதெல்லாம் வைத்தியம் ஆகாது, அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, நம் ஊரிலிருந்து ஒரு பேருந்து தூரம்.

முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது.

16 ஜனவரி 2025

மாட்டுப் பொங்கலன்று பண்ருட்டி போனேன். போனில் ஆகாத சமாதானம் நேரில் ஆகும் என்று. அக்கா வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்து, "வா, கால கழுவு" என்றாள், அவ்வளவுதான். இடது முட்டி. கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சமையலறை மூலையில் இரண்டு கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், ஒரு புடவை. "யார் கொண்டாந்தது?" என்றேன். "யாரு கொண்டாருவாங்க, அவந்தான்" என்றாள்.

தம்பியின் பொங்கல் சீர். எனக்கும் வந்திருந்தது, மூன்று நாள் முன்னால், இங்கே எழுதவில்லை. தோப்பு விற்ற வருடத்திலிருந்து ஒரு வருடம்கூட விடாமல் இரண்டு வீட்டுக்கும் வந்திருக்கிறது. இத்தனை வருடம் இத்தனை மணி நேரம் பேசியதில் இதைப் பற்றி ஒரு நிமிடம் பேசியதில்லை. இன்னொன்றும் எழுதாமல் விட்டேன்: புயலன்று என் போனில் இருந்த பதினொரு சதவீதத்தில் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது, "அக்கா தண்ணி வந்துச்சா". "இல்ல" என்று போட்டேன். தம்பி நினைப்பே வரவில்லை என்று டிசம்பர் 6ஆம் தேதி எழுதியது அதனால் பொய். அதைச் சொன்னால் என் கதையில் தம்பி கெட்டவனாக நிற்க மாட்டானே என்று விட்டிருக்கிறேன்.

ஒருவர் உடனே "பார்த்தீர்களா, மன்னித்துவிடுங்கள்" என்று எழுத வருவார். வேண்டாம். கரும்பு கரும்புதான், பங்கு பங்குதான். ஒரு கட்டுக் கரும்புக்கு அரை ஏக்கர் கணக்குத் தீராது.

28 ஜனவரி 2025

புது ஏற்பாடு, அக்காவே ஒத்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை தம்பிக்கு. மற்ற நாளில் அவன் பேச்சு வந்தால் "செவ்வாக்கெழமை" என்று சொல்லித் தள்ளிவைக்க வேண்டும்.

இது என் மூளையில் உதித்தது இல்லை. கவலைப்படுவதை நிறுத்தச் சொல்லாமல், தினமும் ஒரே நேரம் ஒரே இடத்தில் அரை மணி கவலைப்படு, மற்ற நேரத்தில் வந்தால் அங்கே தள்ளிவை என்று 1983இல் தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் சோதித்துப் பார்த்தார்கள், பலன் இருந்தது. அவர்கள் தினமும் என்றார்கள், நாங்கள் வாரத்துக்கு ஒரு நாள் ஆக்கிவிட்டோம். சிக்கனம்.

முதல் செவ்வாய் ஐம்பது நிமிடம். இரண்டாவது, அதாவது இன்று, பன்னிரண்டு நிமிடத்தில் அவளே "சரி, அரிசி ஊறப் போடணும்" என்றாள். தம்பியைக் காத்திருக்க வைத்தால் ஆறிவிடுகிறான்.

12 பிப்ரவரி 2025

நேற்று தைப்பூசம், வடலூருக்கு இரண்டு பேரும் போனோம். அவ்வளவு கூட்டம். வள்ளலார் 1867இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் எரிகிறது, அங்கே சாப்பிட்டோம். ஏழு திரை விலகி ஜோதி பார்க்க வரிசையில் நின்றபோது முன்னால் ஒரு அம்மாள் குடையால் இடித்துக்கொண்டே இருந்தாள். அக்காவும் நானும் அந்தக் குடையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். பழக்கம் எங்கும் போகவில்லை, ஆள் மாறியிருக்கிறது.

திரும்பும்போது அக்கா, "இன்னைக்குச் செவ்வாக்கெழமல்ல?" என்றாள். "சபையிலேருந்து வர்றோம், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். இன்று பேசினோமா என்றால், பேசினோம். நாற்பது நிமிடம். முழு மதிப்பெண் கேட்கவில்லை நான்.

13 மார்ச் 2025

முதலில் கேள்வி கேட்ட வாசகி திரும்பி வந்திருக்கிறார். தோழியோடு இப்போது நடந்துகொண்டே பேசுகிறாராம், தேவனாம்பட்டினம் கடற்கரையில், வாரம் மூன்று நாள். மூச்சு வாங்குவதால் மாமியாரைத் திட்ட முடியவில்லை என்கிறார். நேற்று மாசி மகத்துக்கு அங்கே சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்த கூட்டத்தில், போனில் பேசிக்கொண்டே வேகமாக நடந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். நீங்கள்தானா? ஊதா துப்பட்டா?

"முழுசா விட்டாச்சா" என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. செவ்வாய் இரண்டு தடவை வெள்ளிவரை நீண்டது. மூன்று மணிக்கு வாரம் ஒரு நாள் விழிப்பு வருகிறது. தம்பியிடம் பங்கைப் பற்றி நேராகக் கேட்க வேண்டும் என்று அக்கா சொல்கிறாள், பன்னிரண்டு வருடத்தில் எங்களுக்குள் பேசினோமே தவிர அவனிடம் ஒரு தடவையும் கேட்டதில்லை. சித்திரைக்குப் பிறகு என்று வைத்திருக்கிறோம்.

இன்று பேருந்தில் பலாப்பிஞ்சுக் கூட்டு எப்படி வைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முடிந்தது. ஒரு நொடி அமைதி. "அப்புறம்?" என்றாள். நான் அவசரமாக, "வச்சுடறேன்க்கா, ஆல்பேட்டை வந்துடுச்சு" என்றேன்.

"பொய் சொல்லாதடி" என்றாள். "கண்டக்டர் முள்ளோடைன்னு கத்தறது இங்க வரைக்கும் கேக்குது."